தங்கச்சிக்கு முன்கூட்டியே சொல்லுங்க, அக்கா!

பெண் குழந்தை வயதுக்கு வந்த பிறகுதான் நம் வீடுகளில் பேச்சே தொடங்குகிறது. அதுவும் அவளிடம் இல்லை. அம்மா பாட்டிக்கு போன் போடுவார். பாட்டி தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புவார். பஞ்சாங்கத்தைப் புரட்டி நேரம் பார்ப்பார்கள். என்ன புடவை, எந்த மண்டபம், யார் யாருக்குச் சொல்வது என்று கூடத்தில் பெரிய பேச்சு நடக்கும். யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அவள் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, எங்கேயாவது அடிபட்டுவிட்டதா, ஏதாவது நோயா, அம்மா திட்டுவாளா என்று பயந்துகொண்டிருப்பாள்.

இந்தப் பயம் ஒரு குழந்தைக்குக்கூட வரக் கூடாது. விஷயம் முன்பே தெரிந்திருந்தால் வராது. அதைச் சொல்ல வீட்டில் அக்காவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அம்மாவிடம் கேட்கக் கூச்சம், டீச்சரிடம் கேட்கப் பயம். அக்கா என்றால் பக்கத்தில் படுத்துக்கொண்டே கேட்கலாம். நமக்கும் நம் முதல் நாள் இன்னும் மறந்திருக்காது. கூடப் பிறந்த அக்கா இல்லாத வீட்டில் பெரியம்மா பொண்ணு, அத்தை பொண்ணு, பக்கத்து வீட்டு அக்கா என யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

1. நாலாவது படிக்கும்போதே தொடங்குங்கள்

பெண் குழந்தைகளின் உடல் 8 முதல் 13 வயதுக்குள் மாறத் தொடங்கும். பெரும்பாலும் முதலில் மார்பு அரும்பும். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். பலருக்கு 12, 13 வயதில் வரும். 10 வயதில் வருவதும் உண்டு, 14-ல் வருவதும் உண்டு. "ஏழாவது போகட்டும், சொல்லிக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் பல குழந்தைகளுக்கு அது பிந்திய பேச்சாகிவிடும். ஒன்பது வயதில் தொடங்குவதே சரி.

ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். பாதி கேட்கும்போதே குழந்தை எழுந்து ஓடிவிடும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம், ஐந்து நிமிடம் போதும். தலைக்கு எண்ணெய் வைத்து ஜடை பின்னும் நேரம் இதற்கு மிகவும் தோது. அவள் முன்னால் உட்கார்ந்திருப்பாள், நீங்கள் பின்னால் இருப்பீர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நேருக்கு நேர் கேட்க வாய் வராத கேள்வியெல்லாம் அப்போது தானாக வரும்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? "உங்க கிளாஸ்ல பொண்ணுங்க பீரியட்ஸ் பத்தி ஏதாவது பேசிக்கிறாங்களா?" என்று கேளுங்கள். அவளுக்கு எவ்வளவு தெரியும், எதைத் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே வெளிவந்துவிடும். உங்களுக்கே பதில் தெரியாததை அவள் கேட்டால், "எனக்குத் தெரியலடி, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்டுவந்து சொல்லவும் வேண்டும். "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி உங்களிடம் வராது. யூடியூபுக்குப் போய்விடும்.

2. வரப்போகும் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்

மார்பு அரும்பும்போது காம்புக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் கெட்டியாகத் தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். ஸ்கூல் பேக்கின் பட்டை உரசினாலே சில குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில் வரும், மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். இதைக் கட்டி என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் பயப்படும் குழந்தைகள் நிறைய. "ஒரு பக்கம் முன்னாடி வரும், வலிக்கும், சரியாயிடும். அழுத்திப் பாக்காத" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முதலில் காட்டன் சிம்மீஸ் போதும். ஓடும்போது அசௌகரியமாக இருக்கிறது என்று அவளே சொல்லும்போது பிகினர்ஸ் பிரா வாங்கலாம். கடைக்கு அவளையும் கூட்டிப்போங்கள். துணி உறுத்தாமல் இருக்கிறதா, கையைத் தூக்கினால் மேலே ஏறுகிறதா என்று அவளே போட்டுப் பார்க்கட்டும். இந்த வயதில்தான் பல பெண்கள் மார்பை மறைக்கத் தோளைக் குறுக்கிக் கூன் போடத் தொடங்குகிறார்கள். "நிமிந்து நட" என்று எல்லோர் முன்னாலும் அதட்டாதீர்கள். அவளுக்குப் பொருத்தமான உள்ளாடை கிடைத்தாலே பாதிக் கூன் நிமிர்ந்துவிடும்.

அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் முடி வளரும். அந்த முடி அழுக்கு இல்லை, எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேர்வை வாடை புதிதாக வரும். தினமும் குளித்து, அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, துவைத்த துணி போட்டாலே போதும். முகப்பருவைக் கிள்ளக் கூடாது, தழும்பு நிற்கும். காலையும் மாலையும் முகம் கழுவினால் போதும். நெற்றியில் பரு அதிகமென்றால் தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: டாக்டர் எழுதாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீம் எதையும் முகத்தில் போடக் கூடாது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு இன்னும் மோசமாகும்.

முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பிருந்தே ஜட்டியில் வெள்ளையாகவோ, நிறமில்லாமல் வழுவழுப்பாகவோ படும். இது இயல்பு. வெள்ளைப்பட்டால் எலும்பு உருகும், உடம்பு இளைக்கும் என்று சொல்வதில் உண்மை இல்லை. அரிப்பு, கெட்ட வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், தயிர்த் திப்பி மாதிரி வருவது இவற்றில் ஏதாவது இருந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

3. படம் போட்டுச் சொல்லிக்கொடுங்கள்

ரத்தம் சிறுநீர் வரும் வழியாகவே வருகிறது என்று நினைக்கும் பெண்கள் காலேஜ் போன பிறகும் இருக்கிறார்கள். ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து காட்டுங்கள். முன்னால் சிறுநீர்த் துவாரம், நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய். அடிவயிற்றுக்குள்ளே கருப்பை, அதன் இரு பக்கமும் சினைப்பைகள். பெயர்களைக் குரல் தாழ்த்தாமல், கை, கால் என்று சொல்வதைப் போலவே சொல்லுங்கள். நாம் கூச்சப்பட்டால் அவளும் கூச்சப்படுவாள்.

பிறகு இப்படிச் சொல்லலாம்: "உள்ள கருப்பைன்னு ஒண்ணு இருக்கு. உன் கையை மூடுனா எவ்ளோ இருக்கும், கிட்டத்தட்ட அவ்ளோதான். மாசா மாசம் அதுக்குள்ள மெத்துன்னு ஒரு படலம் உருவாகும். நீ பெரியவளாகி, குழந்தை வேணும்னு நினைக்கிற காலத்துல அந்தக் குழந்தை தங்குறதுக்கு. வீட்டுக்கு ஆள் வருவாங்கன்னு பாய் விரிச்சு வெச்சு, வரலைன்னா சுருட்டி வெச்சுடுறோம்ல, அந்த மாதிரி அந்தப் படலம் கரைஞ்சு கொஞ்சம் ரத்தத்தோட வெளிய வந்துடும். அதுதான் பீரியட்ஸ்."

கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்று சொல்லாதீர்கள். அது அவள் உடம்பில் ஓடும் அதே ரத்தம்தான். அவள் உடனே, "அப்போ குழந்தை எப்படி உள்ள வரும்?" என்று கேட்பாள். ஆணின் விந்தணுவும் பெண்ணின் கருமுட்டையும் சேர்ந்தால்தான் குழந்தை, அது பெரியவர்களுக்கு நடுவே நடக்கும் விஷயம் என்று உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் ஒன்பது வயதுக்கு அது போதும். சாமி கொடுக்கும் என்று கதை கட்டினால், பின்னால் நாம் சொல்லும் உண்மையையும் அவள் நம்ப மாட்டாள்.

4. முதல் நாளுக்கு ஒரு ஒத்திகை

எவ்வளவு வாயால் சொன்னாலும், ஒரு பேடைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வதற்கு ஈடாகாது. ஒரு விடுமுறை நாள் மதியம் இதைச் செய்யுங்கள். அவளுடைய ஜட்டி ஒன்றைக் கட்டிலில் விரித்து வையுங்கள். பேடின் பின்பக்கத் தாளை அவளே உரிக்கட்டும். ஒட்டும் பக்கம் துணியில், மெத்தென்ற பக்கம் உடம்பை நோக்கி. இதை மாற்றி ஒட்டிவிட்டு முடியெல்லாம் இழுபட்டு அழுத குழந்தைகள் உண்டு. இரண்டு பக்கமும் இருக்கும் சிறகுகளைக் கீழே மடித்து ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, இருமல் மருந்து அளக்கும் 10 மில்லி மூடியை எடுத்து, பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை அதில் அளந்து பேடில் ஊற்றுங்கள். மூன்று, நான்கு மூடி. மாதவிடாயின் மொத்த நாட்களிலும் சேர்த்துப் பலருக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான், 30 முதல் 40 மில்லி. உடம்பு ரத்தமெல்லாம் வடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த என் தங்கை, நாலாவது மூடியோடு நான் நிறுத்தியதும், "இவ்ளோதானாக்கா?" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் பயம் இல்லை.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். முதல் முறை செக்கச்செவேலென்று வர வேண்டியதில்லை. பலருக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில், பிசுபிசுப்பாக ஒரு கறைதான் தெரியும். மலம் பட்டுவிட்டது என்று வெட்கப்பட்டு ஜட்டியை ஒளித்துவைக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். "பிரவுனா ஏதாவது பட்டாலும் என்கிட்ட சொல்லு" என்ற ஒரு வரி போதும்.

மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள தங்கை என்றால் இந்த ஒத்திகையை இன்னும் முன்பே, இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும். சில வாரங்களுக்கு அவ்வப்போது ஒரு பேடை வைத்துப் பழக்குங்கள். மாற்றும் முறையைப் படமாக வரைந்து பாத்ரூம் கதவில் ஒட்டுங்கள். தினம் ஒரே வரிசையில் செய்தால் பெரும்பாலானோர் பழகிக்கொள்வார்கள்.

5. ஸ்கூல் பேக்கில் ஒரு பவுச்

முதல் மாதவிடாய் வீட்டில்தான் வரும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கணக்குப் பரீட்சையில் வரலாம், வேனில் வரலாம். ஒரு சின்ன ஜிப் பவுச்சில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, பழைய செய்தித்தாள் துண்டு, பேப்பர் சோப்பு வைத்து, பேக்கின் உள்ஜிப்பில் போட்டுவிடுங்கள். பத்து வயது ஆனதும் அந்தப் பவுச் அங்கே இருக்க வேண்டும்.

கறை பட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். "மிஸ், எனக்கு பீரியட்ஸ் வந்திருக்கு, பாத்ரூம் போகணும்" என்ற வாக்கியத்தை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். வாயில் ஒருமுறை வந்த வாக்கியம் வகுப்பில் வருவது சுலபம். ஆண் ஆசிரியர் மட்டும்தான் இருக்கிறார் என்றால், "சார், வயித்து வலி, லேடி டீச்சரைப் பாக்கணும்" என்றாலே போதும். தோழிக்குக் கறை பட்டால் சிரிக்காமல் ஓவர்கோட்டையோ துப்பட்டாவையோ கொடுத்து உதவ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நனையாவிட்டாலும். ஸ்கூல் நாளில் மதிய இடைவேளையில் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டாய்லெட் சுத்தமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்ளும் பெண்கள் நம் பள்ளிகளில் ஏராளம். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். டாய்லெட் மோசமாக இருந்தால் அம்மா, அப்பா ஸ்கூலில் போய்ப் பேச வேண்டும். குழந்தை தாகத்தோடு உட்கார்ந்திருக்கக் கூடாது.

காசில்லை என்பதற்காகப் பேட் இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2011-ல் அறிவித்த 'புதுயுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்குப் பேட் இலவசம். ஒரு பொட்டலத்தில் 6, இரண்டு மாதத்துக்கு 3 பொட்டலம். பள்ளியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

6. கழுவுவதும் துவைப்பதும்

பிறப்புறுப்பை வெளிப்பக்கம் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் எதுவும் போகக் கூடாது. உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பவுடரும் போட வேண்டாம். கழுவுவது எப்போதும் முன்னாலிருந்து பின்னால். டாய்லெட் போய்விட்டுக் கழுவும்போதும் இதே திசைதான். பின்னாலிருந்து முன்னால் கழுவினால் மலத்தில் இருக்கும் கிருமி சிறுநீர்த் துவாரத்துக்கு வந்துவிடும். கழுவியதும் ஈரத்தைத் துடைக்க வேண்டும்.

காட்டன் ஜட்டி, தினமும் ஒன்று, வேர்த்தால் இரண்டு. துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வேறு துணிக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் மறைத்துக் காயவைத்தால் ஈரம் போகாது, அரிப்பு வரும். மாதவிடாய்க்குப் பழைய காட்டன் புடவைத் துணி வைக்கும் பழக்கம் உள்ள வீட்டிலும் இதே விதிதான்: பச்சைத் தண்ணீரில் முதலில் அலசி, பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த துணி பாதுகாப்பானது. வெந்நீரில் போட்டால் ரத்தக் கறை துணியில் பிடித்துக்கொள்ளும்.

பயன்படுத்திய பேடைச் சுருட்டி, தாளில் பொதிந்து குப்பைக் கூடையில் போடச் சொல்லுங்கள். டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்பாள். தாராளமாகக் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் வயிற்று வலிக்கும் இதம்.

7. வலியை அலட்சியப்படுத்தாதீர்கள்

கருப்பை சுருங்கி அந்தப் படலத்தை வெளியே தள்ளுவதால் அடிவயிறும் இடுப்பும் வலிக்கும். முதல் ஓரிரு நாள் இப்படி இருப்பது இயல்பு. ஹாட் வாட்டர் பேக் வைப்பது, மெதுவாக நடப்பது, குப்புறப் படுத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவது எல்லாம் உதவும். மாத்திரை தேவையென்றால் அம்மாவுக்குத் தெரிந்து, வயதுக்கேற்ற அளவில், சாப்பிட்ட பிறகு. மெடிக்கலில் அவளே கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

"பொம்பளைன்னா இதெல்லாம் பொறுத்துக்கணும்" என்று சொல்லாதீர்கள். மாதாமாதம் ஸ்கூலுக்குப் போக முடியாத அளவுக்கு, வாந்தி வரும் அளவுக்கு வலி இருந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய வலி.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் தொடங்கிய நாளைச் சின்னதாக ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆரம்ப ஓரிரு வருடம் தேதி முன்பின்னாகத்தான் இருக்கும். 21 நாளிலிருந்து 45 நாளுக்குள் எப்போது வந்தாலும் இந்த வயதில் பயப்பட வேண்டாம். புள்ளிகள் சேரச் சேர, அவள் உடம்பின் கணக்கு அவளுக்கே பிடிபடும்.

8. தட்டில் இரும்பு இருக்கட்டும்

உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று சடங்கு வீட்டில் கொடுப்பதெல்லாம் நல்ல சாப்பாடுதான். ஆனால் பத்துப் பதினைந்து நாளோடு நின்றுவிடுகிறது. உடம்புக்குத் தேவை வருடம் முழுவதும். பச்சை முட்டையை மட்டும் குடிக்க வைக்காதீர்கள். வேகவைத்துக் கொடுங்கள், கிருமிப் பயம் இல்லை, சத்தும் நன்றாகச் சேரும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் தூங்கி வழிவது, சாம்பல், பல்பம் தின்பது எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம். முருங்கைக்கீரை, பயறு, கடலை, கம்பு, எள், முட்டை, ஈரல், மீன் எது வீட்டில் முடிகிறதோ அது. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது கழியட்டும். எலும்புக்குக் கேழ்வரகும் பாலும் தயிரும்.

பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்பு மாத்திரையை ஜன்னல் வழியே எறியும் பிள்ளைகள் உண்டு. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயம். அது இரும்பின் நிறம், கெடுதல் இல்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். வருடத்துக்கு இருமுறை தரும் பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட 9 முதல் 14 வயது ஏற்ற காலம். குழந்தை டாக்டரிடம் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

"குண்டாயிட்டியே", "வயசுக்கு வந்தா வளர்த்தி நின்னுடும்" என்று உறவுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அவள் சாப்பாட்டைக் குறைக்க விடாதீர்கள். இந்த வயதில் இடுப்பும் தொடையும் சதை போடுவது வளர்ச்சிதான். முதல் மாதவிடாய்க்குப் பிறகும் பலர் இன்னும் சில சென்டிமீட்டர் வளர்கிறார்கள்.

9. தீட்டும் குடிசையும் பேனரும்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், எங்கள் தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காடு கிராமத்தில் ஒரு பள்ளிச் சிறுமி இறந்துபோனாள். வயதுக்கு வந்தவள் என்று வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். புயலில் மரம் சாய்ந்து குடிசைமேல் விழுந்தது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாதவிடாய் என்பதற்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். இவை இரண்டும் தீட்டு என்ற ஒரே நினைப்பிலிருந்து வருபவை. அந்த நினைப்பு நம் தங்கையின் தலைக்குள் ஏறாமல் தடுப்பது நம் வேலை.

அந்த நாட்களில் அவள் தொட்டால் ஊறுகாய் கெடாது. துளசி பட்டுப்போகாது. தனித் தட்டும் தனிப் பாயும் வேண்டியதில்லை. பாட்டியோடு சண்டை போடாமலும் இதைச் செய்யலாம்: "பாட்டி, சாமி ரூமுக்கு அவ போகல, சரியா? ஆனா படுக்கிறது என்கூட கட்டில்லதான், சாப்பிடுறது நம்ம எல்லார்கூடத்தான்." ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்து, குழந்தைக்கு முக்கியமான இடத்தில் உறுதியாக நில்லுங்கள்.

மஞ்சள் நீராட்டு விழா வேண்டுமா, வேண்டாமா என்று அவளைக் கேளுங்கள். பட்டுப்புடவை, மாமன் சீர், ஜடை அலங்காரம் எல்லாம் சில குழந்தைகளுக்கு ஆசையாக இருக்கும், செய்யுங்கள். சிலருக்கு உடம்பே கூசும், விட்டுவிடுங்கள். விழா வைத்தாலும், முச்சந்தியில் அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் பேனர் வைக்க வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வேண்டாம். மறுநாள் அந்தப் பேனரைத் தாண்டித்தான் அவள் ஸ்கூலுக்குப் போக வேண்டும்.

"இனிமே ஓடாத, குதிக்காத, பசங்ககூட விளையாடாத" என்ற பட்டியலையும் தடுங்கள். அதே சைக்கிள், அதே கபடி, அதே ஸ்கிப்பிங் கயிறு. எதையும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

10. உன் உடம்பு உன்னுடையது

இந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று. மார்பு, தொடை, பிறப்புறுப்பு, பின்பக்கம் இவற்றைப் பிறர் தொடவோ பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது. உடம்பு சரியில்லாதபோது, அம்மா கூட இருக்க, டாக்டர் பார்ப்பது மட்டும் வேறு. தொடுபவர் மாமாவாக இருந்தாலும், ட்யூஷன் சாராக இருந்தாலும், அண்ணனாகவே இருந்தாலும் இதே விதி. "யார்கிட்டயும் சொல்லாத" என்று யாராவது சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும். போனில் யார் கேட்டாலும் உடம்பின் படத்தை அனுப்பக் கூடாது. தப்பித் தவறி அனுப்பிவிட்டாலும் ஒளிக்காமல் சொல்லலாம். "என்ன நடந்தாலும் தப்பு உன்மேல இல்ல. நான் திட்ட மாட்டேன்" என்பதை ஒருமுறை இல்லை, பலமுறை சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவள் மனப்பாடம் செய்யட்டும். காசு கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம்.

11. அப்பாவும் தம்பியும் தெரிந்துகொள்ளட்டும்

பேடைக் கறுப்புக் கவரில் சுற்றித் தரும் கடைக்காரரிடம், "கவர் வேண்டாம்ணே" என்று தங்கை முன்னால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வீட்டில் பேட் பொட்டலத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிக்காமல், சோப்பு, பேஸ்ட் இருக்கும் அலமாரியில் வையுங்கள். குறைந்த விலையில் பேட் செய்யும் மெஷினை உருவாக்கி 2016-ல் பத்மஸ்ரீ வாங்கிய கோவை அருணாசலம் முருகானந்தம் ஒரு ஆண் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள். கேலி செய்யும் விஷயம் இல்லை இது என்பதற்கு அவனுக்கு வேறு பாடம் தேவையில்லை. அப்பா ஒருமுறை கடைக்குப் போய் வாங்கிவந்தால், அம்மா ஊரில் இல்லாத நாளிலும் தங்கை தவிக்க மாட்டாள்.

12. எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலோ, பிறப்புறுப்பில் முடி வந்தாலோ
* 13 வயதாகியும் மார்பு அரும்பவே இல்லை என்றால்
* 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால்
* ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினால், அல்லது ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்தால்
* ஒருமுறை வந்த பிறகு 3 மாதம் வராமலே இருந்தால்
* வலியால் ஸ்கூல் போக முடியவில்லை, மயக்கம் வருகிறது என்றால்
* அரிப்பு, கெட்ட வாடை, சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம். "கல்யாணமாகாத பொண்ணை எப்படி லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?" என்று அம்மா தயங்கினால், நீங்கள் கூடப் போங்கள்.

இந்த வாரமே செய்ய மூன்று வேலை இருக்கிறது. ஒரு ஜிப் பவுச் வாங்கி நிரப்பி அவள் பேக்கில் வையுங்கள். ஒரு மதியம் பேடையும் பீட்ரூட் தண்ணீரையும் வைத்து அந்த ஒத்திகையை நடத்துங்கள். "எப்ப, எங்க வந்தாலும் முதல்ல எனக்கு போன் பண்ணு" என்று சொல்லி, உங்கள் நம்பரை அவள் டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். மற்றதையெல்லாம் போகப் போகச் சொல்லிக்கொள்ளலாம். இந்த மூன்றையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.